தனுஷ்கோடிப் புகையிரத நிலையம்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையிற் பேச வருபவர் பெரிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வதே வழக்கம். நானோ ஒரு சிறிய கிராமத்துப் புகையிரத நிலையத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். அதுவும் நம் நாட்டு நிலையம் அன்று. கடலுக்கு அப்பால், இராமேசுவரத் தீவின் கிழக்கு முனையிலே இருந்த தனுஷ்கோடி நிலையம் அது. 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆந் திகதி இரவோடு அதன் வாழ்வு முடிந்தது. இன்று அங்கே வண்டியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மணல் வெளியிலே சில இடிந்த சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

அயல் நாட்டிலே பாழடைந்து கிடக்கும் ஒரு நிலையம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தலைமன்னாரும் தனுஷ்கோடியும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். ஒன்றை விட்டு மற்றதன் கதையைச் சொல்ல முடியாது. மலையகத்திலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கொழும்பிலும் வாழும் பல குடும்பங்களின் பாட்டனாரும் பாட்டியாரும் அந்நிலையத்தில் ஏறியவர்கள், அல்லது இறங்கியவர்கள். ஆகவே நான் பேசுவது பிறர் கதை அன்று; நம் வீட்டுக் கதை.

புகையிரதம் வருவதற்கு முன்பே அந்த முனை நம் மக்களுக்குத் தெரிந்த இடம். இராமேசுவரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். இக்கரையிலே மன்னாரில் உள்ள திருக்கேதீச்சரமும் அவ்வாறே பாடல் பெற்ற தலம். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் இராமேசுவரத்தில் இருந்தபடியே கடலுக்கு இப்பால் உள்ள கேதீச்சரத்தையும் கோணமலையையும் நினைந்து பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இராமபிரான் தம் வில்லின் நுனியாற் சேதுவை உடைத்த இடம் என்பதனாலே தனுஷ்கோடி என்ற பெயர் வந்தது என்பர். காசி யாத்திரை செய்தவர்கள் சேதுவில் நீராடினாலன்றி யாத்திரை நிறைவு பெறாது என்பது பாரத நாடெங்கும் உள்ள நம்பிக்கை.

அக்காலத்தில் இக்கடலைக் கடப்பது எளிதன்று. வள்ளங்களிலும் பாய்க்கப்பல்களிலும் காற்றை நம்பி வந்தார்கள். சுவாமி விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் கொழும்பு, கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிற் பேசிவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி அம்மாதம் 26 ஆந் திகதி பாம்பனிற் கரையிறங்கினார். இராமநாதபுரத்து அரசர் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றார்.

சுவாமிகளை வரவேற்க அரசர் இருந்தார். அதே கடலைக் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த கூலி மக்களை வரவேற்க ஒருவரும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி அவர்கள் நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டவர் பலர். பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் ஓடிற்று. சென்னையிலிருந்து அந்தக் கப்பலுக்குப் பிரயாணிகளைக் கொண்டு சென்ற வண்டிக்கே 'போட் மெயில்' என்று பெயர் வழங்கிற்று. ஆனால் தூத்துக்குடிக் கடல்வழி நெடுந்தூரம். குறுகிய வழி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 22 மைல்தான். அங்கே வண்டியைக் கொண்டு செல்லுவதற்கு ஒரு தடை இருந்தது. இராமேசுவரம் ஒரு தீவு. பெருநிலத்திலே மண்டபத்துக்கும் தீவிலே பாம்பனுக்கும் இடையே கடல் கிடந்தது.

அந்தக் கடலின் மேல் ஒரு பாலம் கட்டுவதற்குத் தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி முன்வந்தது. 1911 ஆம் ஆண்டிலே தொடங்கிய வேலை முடிந்து, 1914 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆந் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. அதன் நீளம் இரண்டு கிலோமீற்றருக்குச் சிறிது அதிகம். இந்தியாவிலே கடலின் மேல் அமைந்த முதற் பாலம் அதுவே. கப்பல்கள் செல்லுவதற்காக அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலெழும்படி அமைந்திருந்தது. அதனை ஆட்களே நெம்புகோல் கொண்டு கையாற் சுழற்றித் திறந்தனர்.

அதே 1914 ஆம் ஆண்டில் நம் நாட்டிலே மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார் வரையும் பாதை போடப்பெற்றது. இரு கரையிலும் வண்டி, இடையிலே கப்பல் என்ற ஒழுங்கு இவ்வாறு உண்டாயிற்று. சேதுத் திட்டுகளின் மேலாகவே பாதை அமைத்து இரண்டு நாட்டையும் இணைக்கும் யோசனையும் அக்காலத்திற் பேசப்பட்டது, நிறைவேறவில்லை. இந்தியப் பக்கத்துப் பாதை ஒரு மீற்றர் அகலமுள்ளது. நம் பக்கத்துப் பாதை ஐந்தரை அடி அகலமுள்ளது. ஆகையால் கடலின் மேற் பாதை போட்டிருந்தாலும் ஒரு முனையில் வண்டி மாறியே தீரவேண்டும்.

சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே ரிக்கற்றுடன் கொழும்புக் கோட்டை வரையும் வரலாம். எழும்பூரில் ஏறியவர் திருச்சி, மானாமதுரை, இராமநாதபுரம், மண்டபம் எல்லாம் கடந்து பாம்பனை அடைவார். இராமேசுவரம் போகிறவருக்கு அங்கே கிளைப்பாதை பிரியும். பிரதான பாதையோ தனுஷ்கோடிக்கே சென்றது. தனுஷ்கோடித் துறையிலே வண்டி கப்பலின் அருகிலேயே போய் நிற்கும். இறங்கியவர் மூட்டையுடன் கப்பலேறுவார். இரண்டு மூன்று மணி நேரத்திலே தலைமன்னார்த் துறை. அங்கும் கப்பலின் அருகிலேயே வண்டி காத்து நிற்கும். பிற்காலத்தில் இந்தத் துறையில் ஓடிய 'இர்வின்', 'கோசன்' என்ற இரண்டு கப்பல்களின் பெயர் நம் பெரியவர்கள் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும்.

மீனவர் வாழ்ந்த மணற் கிராமம் இந்த நிலையத்தினாலே ஒரு பட்டினமாயிற்று. சுங்கச் சாவடி, தபால் தந்தி நிலையம், துறைமுகக் காரியாலயம், புகையிரத வைத்தியசாலை, பாடசாலை, கோவில், கிறித்தவ தேவாலயம், யாத்திரிகர் தங்கும் சத்திரங்கள் எல்லாம் தோன்றின. பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்கள் 1931 ஆம் ஆண்டில் இராமேசுவரத்திற் பிறந்தவர். அவருடைய தந்தையார் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றிச் செல்லப் படகு ஒன்று கட்டியவர். இரண்டாம் உலக யுத்த காலத்திலே இராமேசுவரத்தில் வண்டி நில்லாது போயிற்று. அப்பொழுது இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து வீசப்படும் செய்தித்தாட் கட்டுகளைப் பொறுக்கி எடுப்பதே சிறுவனாயிருந்த தாம் பெற்ற முதற் சம்பாத்தியம் என்று அவர் தம் சுயசரிதையிலே எழுதியிருக்கின்றார்.

அந்த வண்டியிலே யார் யார் சென்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சேது நீராடவும் சிதம்பர தரிசனத்துக்கும் இங்கிருந்து போன யாத்திரிகர்கள் சென்றார்கள். 1929 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் அங்கே தமிழும் பிற கலைகளும் கற்கப் போன நம் மாணவர்கள் சென்றார்கள். வியாபாரிகள், நாதசுரக் கலைஞர்கள், நாடகக் குழுவினர் வந்தார்கள். புத்தகங்களும் சஞ்சிகைகளும் கட்டுக் கட்டாக வந்தன. இவர்களுடைய பிரயாணங்களைப் பற்றி ஓரளவு எழுத்தில் இருக்கின்றது.

எழுதப்படாதவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அந்நிலையத்தை அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் அவர்களே. கங்காணியின் சொல்லை நம்பி ஊரை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் முதலில் மண்டபத்திலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் நிறுத்தப்பட்டன. மலையகத்துப் பெரியவர்கள் இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்றே சொல்வார்கள். தொற்றுநோய் இல்லை என்று கண்டு, அம்மை குத்தி, சில நாள் வைத்திருந்து, பின்னரே கப்பலுக்கு அனுப்பினார்கள். இன்ன தோட்டத்துக்குச் செல்பவர் என்பதைக் காட்டும் இலக்கம் பொறித்த தகரத் துண்டு அவர்கள் கையிலே கொடுக்கப்பட்டது. முதல் வகுப்பிற் போன துரைமாரின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. மூன்றாம் வகுப்பில் வந்த நம் மூதாதையர் இலக்கங்களாக மட்டும் நிற்கின்றனர். தனுஷ்கோடித் துறையிலே கப்பலில் கால் வைத்தபொழுது அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை எந்தக் காரியாலயமும் எழுதி வைக்கவில்லை.

அன்பர்களே, ஒரு நிலையம் ஒரே நாளில் அழிந்துவிடுவதில்லை. தனுஷ்கோடியைக் கடல் அழித்தது என்று எல்லோரும் சொல்கின்றோம். கடல் வருவதற்கு முன்பே அதன் உயிர் மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டிருந்தது என்பது என் கருத்து. அதற்கு நான்கு திகதிகளைச் சொல்லுகின்றேன்.

1939 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடை செய்தது. 1948 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டு நவம்பரில் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அயலூருக்குப் போவதுபோலப் போய் வந்த கடலுக்குக் கடவுச்சீட்டும் அனுமதியும் வேண்டியதாயிற்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார்கள். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைப் பற்றி அதிலே பேசப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது முடிவு. அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் மை உலர்ந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. டிசெம்பர் 17 ஆந் திகதி தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உண்டாயிற்று. அது கடும் புயலாகி, 22 ஆந் திகதி வவுனியாப் பக்கமாக நம் நாட்டின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவு பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியைத் தாக்கிற்று. கடல் இருபது அடிக்கு மேல் எழுந்து ஊருக்குள் வந்தது.

பாம்பனிலிருந்து 653 ஆம் இலக்கப் பிரயாணிகள் வண்டி ஆறு பெட்டிகளுடன் நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்டது. அதிலே 110 பிரயாணிகளும் 5 ஊழியர்களும் இருந்தனர் என்பது கணக்கு. ரிக்கற் இன்றி ஏறியவர்களையும் சேர்த்தால் தொகை இன்னும் அதிகம் என்பர். நிலையத்தை அடையச் சிறிது தூரமே இருந்தபொழுது ஒரு பேரலை வந்து அந்த வண்டியை மூடிற்று. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அவ்விரவில் அப்பகுதியில் இறந்தவர் ஆயிரத்தெண்ணூறு பேர் வரை என்று மதிப்பிடப்படுகின்றது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களிற் பெரும்பாலானவை கடலுக்குள் விழுந்துவிட்டன. தூக்குப் பாலப் பகுதி தப்பி நின்றது. அதைத் திருத்த இரயில்வே இலாகா முதலிற் குறித்த காலம் ஆறு மாதம். பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வேலை ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரே பின்னாளில் டில்லி மெற்றோ இரயிலை அமைத்துப் புகழ் பெற்றவர். கடலில் விழுந்த உத்திரங்களைத் தேடி எடுத்து, அவற்றையே மீண்டும் தூக்கி வைத்து, 46 நாளில் அவர் பாலத்தைத் திருத்தி முடித்தார். இராமேசுவரத்துக்கு வண்டி மீண்டும் ஓடிற்று.

ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை திரும்பப் போடப்படவில்லை. மக்கள் வசிக்கத் தகாத இடம் என்று சென்னை அரசாங்கம் அவ்வூரை அறிவித்தது. இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் முனையிலே மக்களை மீண்டும் குடியேற்றுவது ஆபத்து என்ற நியாயம் அந்த முடிவில் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேறொன்றையும் நாம் பார்க்கவேண்டும். இராமேசுவரத்துக்கு வழி வேண்டும் என்று பாரத நாடு முழுவதும் கேட்டது. ஆகவே 46 நாளிற் பாலம் நிமிர்ந்தது. தனுஷ்கோடி நிலையம் இரு கரையையும் இணைப்பதற்காக இருந்தது. அந்த இணைப்பை இரண்டு அரசாங்கங்களும் அப்பொழுது குறைக்க முயன்றனவேயன்றி வளர்க்க முயலவில்லை. ஒரு நிலையத்தைத் திரும்பக் கட்டுவிப்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டுமன்று. அது வேண்டும் என்று கேட்கும் குரலுந்தான்.

கப்பல் பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிற்று. 'இராமானுஜம்' என்பது அதன் பெயர். ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட மலையக மக்கள் அதிலேதான் போனார்கள். மலைநாட்டு நிலையங்களிலே பிரிந்தவரும் பிரியாதவரும் கட்டிப்பிடித்துக் கதறிய அந்த வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே மக்கள் பெயர் வைத்தார்கள். பாட்டன் தகரத் துண்டுடன் வந்த வழியால் பேரன் கடவுச்சீட்டுடன் திரும்பினான். பாட்டன் புறப்பட்ட தனுஷ்கோடி அப்பொழுது இல்லை. பாட்டன் தங்கிய மண்டபம் முகாம் மாத்திரம் இருந்தது. அந்த முகாமே பின்னர், நம் நாட்டுப் போரிலிருந்து தப்பிப் படகேறிய அகதிகளுக்கும் இடம் கொடுத்தது.

1980 களின் நடுப்பகுதியிற் கப்பலும் நின்றது. 1990 ஆம் ஆண்டில், போரினாலே, தலைமன்னாருக்குச் சென்ற வண்டியும் நின்றது. இவ்வாறு இக்கரை நிலையமும் அக்கரை நிலையத்தின் கதியை அடைந்தது. ஆனால் தலைமன்னார் மீண்டது. 2015 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆந் திகதி தலைமன்னார்த் துறை வரையும் புகையிரதம் மறுபடி வந்தது. அக்கரையிலே 2017 ஆம் ஆண்டு யூலையில் தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனை வரை தார் வீதி திறக்கப்பெற்றது. 2019 ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதிய பாதை போட அடிக்கல் நாட்டினார்கள். பாதை இன்னும் போடப்படவில்லை. 2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் 6 ஆந் திகதி பழைய பாம்பன் பாலத்தின் அருகே புதிய பாலம் திறக்கப்பெற்றது. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை ஆரம்பமாயிற்று. ஆனால் தலைமன்னார்த் துறையிலே வண்டியிலிருந்து இறங்குகிறவர் ஏறிச் செல்லக் கப்பல் இல்லை. பாதை இன்னும் ஒற்றைக் காலில் நிற்கின்றது.

தனுஷ்கோடியிலே இன்று சில மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. சுற்றுலா வருபவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன்னும் நிலையத்தின் சுவர்களின் முன்னும் நின்று படம் பிடிக்கின்றார்கள். பேய்ப் பட்டினம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கின்றார்கள். எனக்கு அந்தப் பெயர் உவப்பில்லை. இலட்சக்கணக்கான மனிதர் கடந்து சென்ற இடத்தைப் பேயின் பெயராற் குறிப்பிடுவது, சென்றவர்கள் யார் என்று நமக்குத் தெரியாததனால் வரும் குறை.

இளைஞர்களே, இந்தக் குறையை நீங்கள் தீர்க்கலாம். அதற்குத் தனுஷ்கோடிக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் வீட்டுத் திண்ணைக்குப் போனாற் போதும். தனுஷ்கோடித் துறையிலே கப்பலேறியவர்களில் இன்று நம்மோடு இருப்பவர்கள் முதுமையை அடைந்தவர்களே. 'இராமானுஜம்' கப்பலைக் கண்டவர்கள் அவர்களினும் இளையவர்கள். ஆனால் அவர்களுக்கும் வயது ஏறுகின்றது. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் சென்று உட்காருங்கள். எந்த ஆண்டு வந்தீர்கள்? எந்த ஊரிலிருந்து புறப்பட்டீர்கள்? மண்டபத்தில் எத்தனை நாள் இருந்தீர்கள்? மூட்டையில் என்ன கொண்டு வந்தீர்கள்? கப்பலில் யாரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்? உங்கள் அண்ணனோ தங்கையோ திரும்பிப் போனார்களா? அவர்கள் இன்று எங்கே? இவற்றைக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டா. திகதி தவறியிருந்தாலும் தாழ்வில்லை.

பழைய பெட்டிகளின் அடியிலே கடவுச்சீட்டு, புகைப்படம், கடிதம், ரிக்கற் எது இருந்தாலும் எறிந்துவிடாமல் வையுங்கள். நம் சங்க மலர் ஆண்டுதோறும் வருகின்றது. ஒவ்வோர் ஆண்டும் அதிலே நான்கு பக்கத்தை இதற்கென ஒதுக்கும்படி செயற்குழுவினரை இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்ளுகின்றேன். பத்து ஆண்டிலே அது நாற்பது பக்கமாகும். இலங்கையும் இந்தியாவும் வைத்திருக்கும் இலக்கங்களுக்குப் பக்கத்திலே பெயர்களை எழுதிய நாற்பது பக்கம் அது.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கேட்க வரும்பொழுது, "அதெல்லாம் பழங்கதை, உனக்கு எதற்கு?" என்று அனுப்பிவிடாதீர்கள். துன்பத்தைச் சொன்னாற் பிள்ளைகள் வருந்துவார்கள் என்று மறைக்கவும் வேண்டா. தம் முன்னோர் எவ்வளவு தூரம், எப்படி வந்தார்கள் என்று அறிந்த பிள்ளை தலை குனிய மாட்டான்.